பாகூர்ப் பாட்டியின் கையில் எந்த மொழித் தாள்?

பாகூரிலோ வில்லியனூரிலோ நாள் நிரம்பாமல் ஒரு குழவி பிறக்கிறது. அழுகை மெலிந்திருக்கிறது, பால் குடிக்க மாட்டாமல் சோர்கிறது. "புதுவைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று மருத்துவர் ஒரு தாள் எழுதித் தருகிறார். தாள் ஆங்கிலத்தில். வயிறு கிழித்துப் பெற்ற தாய் படுக்கையில் கிடக்க, குழவியை ஏந்தி ஊர்தியில் ஏறுபவள் பாட்டி. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ கோரிமேட்டுச் சிப்மருக்கோ சென்று சேரும்வரை அவ்வுயிருக்குக் காவல் அவள். அவளுக்கு அந்தத் தாள் ஊமை.

வில்லியனூர் ஏறத்தாழ 10 கி.மீ., பாகூர் ஏறத்தாழ 20 கி.மீ.; இது ஒரு தொலைவா என்பர் சிலர். கொல்வது தொலைவன்று, குளிர். பச்சிளங்குழவியின் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரை இருத்தல் வேண்டும். அதனினும் தாழ்ந்தால், தன்னைச் சூடாக்கிக் கொள்ளவே குழவி தன் சிறு இருப்பை எரித்துத் தீர்க்கிறது. குருதியில் சருக்கரை குறைகிறது, உயிர்வளித் தேவை மிகுகிறது, மூச்சுத் தளர்கிறது. நமக்கு வியர்க்கும் சித்திரையிலும், ஈரத்துணி சுற்றிய குழவி சில்லிட்டுப் போகும்.

இதற்கு மருந்து விலையில்லாதது. ஈரந்துடைத்து, தலைக்குக் குல்லாயிட்டு, வெற்று மார்போடு குழவியை அணைத்து, மேலே போர்த்திக் கொள்ளுதல்; மூக்கும் வாயும் மூடாமலும் கழுத்து மடங்காமலும் பார்த்துக் கொள்ளுதல். கொலம்பிய நாட்டுப் பொகோட்டாவில் 1978இல் பேணறைகள் போதாமற் போனபோது மருத்துவர் கண்ட வழி இது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பிறந்தவுடனே இவ்வாறு அணைக்கப்பட்ட எடை குறைந்த குழவிகளுள் 28 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. மற்றப் பிரிவில் 15.7. அது மருத்துவமனைக்குள் நடந்த ஆய்வு. எனினும் வழிச்செலவிலும் இம்முறையையே உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. மூச்சுத் திணறும் குழவிக்கு உயிர்வளியும் பயின்ற செவிலியும் உடன்வர வேண்டும் என்பது வேறு.

இவற்றைப் பாட்டிக்கு எவர், எம்மொழியில் சொன்னார்?

உரிமையின் நிலையும் இதுவே. நோயுற்ற குழவியை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும், பின்னர் வீட்டிற்கும் கட்டணமின்றிக் கொண்டு செல்ல 2011 சூன் முதல் நடுவணரசுத் திட்டம் உண்டு. அதன் பெயர் 'சனனி சிசு சுரக்சா காரியக்ரம்'! பெயரே வாயில் நுழையாத உரிமையை எந்த ஏழை கேட்டுப் பெறுவாள்? வாடகை உந்துக்குக் காதணியை அடகு வைப்பாள். பாகூரில் வடமொழிக் கல்விக்கென மூன்று ஊர்களைக் கொடையளித்த ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு உண்டு. அந்த ஊரில் இன்று குழவிக்குரிய ஊர்தியும் வடமொழிக்குள் ஒளிந்து கிடக்கிறது.

புதுவையின் ஆட்சிமொழிச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டது. தமிழுக்கு அதில் இடமுண்டு; ஆங்கிலமும் தொடரலாம் என்ற புழைக்கடை வாயிலும் உண்டு. அவ்வாயில் வழியாகத்தான் மருத்துவமனைத் தாள் வருகிறது. ஏற்கும் மருத்துவர்க்கு ஆங்கிலம் வேண்டுமாயின் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். மறுபக்கம் தமிழில் வேண்டும்: குழவிக்கு என்ன நோய், என்ன மருந்து எப்போது தரப்பட்டது, வழியில் எப்படி அணைப்பது, எக்குறி கண்டால் ஊர்தியை நிறுத்தச் சொல்வது, எங்கே யாரிடம் சேர்ப்பது. குழவி வருகிறதென்று முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லியாயிற்றா என்பதும் அதில் இருக்க வேண்டும். படுக்கை இல்லையென்று வாயிலில் திருப்பப்படும் கொடுமை அதனால் குறையும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். ஆம்புலன்சுக்கு ஏழு பெயர் படைத்து எது சிறந்ததென்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறோம். மக்கள் 'நூற்றெட்டு வண்டி' என்று அழைத்து நகர்ந்து விட்டனர். அத்தாளில் நாம் எழுதும் சொல் பாட்டிக்கு ஒரு நொடியில் விளங்க வேண்டும். விளங்காத தூயசொல்லும் அவளுக்கு ஆங்கிலமே.

பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் கிழித்த எல்லையால், பாகூருக்கு அண்மையிலுள்ள கடலூர் வேற்று மாநிலமாகி நிற்கிறது. இரு பக்கமும் பேசும் மொழி ஒன்றே. எந்த மருத்துவமனையில் பேணறை ஒழிந்திருக்கிறதென்று இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொள்ள என்ன தடை?

பாகூர், வில்லியனூர் அன்பர்கள் தத்தம் ஊர் நலவாழ்வு நிலையத்திற்குச் சென்று, குழவியை அனுப்பும் தாளைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறோம். அதில் தமிழ் எத்தனை வரி என்று எண்ணி எமக்கு எழுதுக. வரும் மடல்களை அப்படியே திரட்டி நலவழித்துறைக்கு அனுப்புவோம்.