எல்லைக்கோடு எவர் கையில்?

தொகுதி என்பது நிலப்படத்தில் கிழித்த கோடுதானே, இன்று கிழிப்பர், நாளை அழிப்பர், அதற்கொரு வரலாறு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களைப் பார்க்கூ பக்கம் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துச் சட்டமன்றத்தில் 1888இல் பிறந்து 1972இல் மறைந்த நாட்டுப்புறத் தொகுதி அது. ஓர் ஆற்றின் பெயரைத் தாங்கிய அந்த வறண்ட மேற்குச் சீமையில் மனிதரைவிட ஆடுகள் அதிகம். ஆனால் பாட்டாளிகளின் கட்சியொன்று அரியணை ஏறிய கதையும், ஏறியபின் தன் கையாலேயே தனக்குத் தளை பூட்டிக்கொண்ட கதையும் அங்கேதான் கிடக்கின்றன.

1891. ஆட்டு உரோமம் கத்தரிக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தில் சேராதவரை வைத்தும் வேலை வாங்குவோம் என்றனர் பண்ணை முதலாளிகள். சங்கமே எங்கள் உயிர் என்றனர் உழைப்பாளர். பார்க்கல்டின் ஊர் ரயிலடியில் நின்ற மரத்தடியே அவர்களுக்கு மன்றம்! அரசு படையை அனுப்பிற்று. தலைவர்கள் சிலருக்கு மூன்றாண்டுச் சிறை. பசி வென்றது, வேலைநிறுத்தம் தோற்றது.

தோற்றவர்கள் வீட்டிலே முடங்கினரா? இல்லை, வாக்குச் சாவடியை நோக்கினர். அதிலும் எத்தனை தடைகள்! பட்டி பட்டியாய் அலைந்து உழைப்பவனுக்கு, ஓரிடத்தில் ஆறு திங்கள் குடியிருந்தாலன்றி வாக்கில்லை. பல இடங்களில் சொத்துள்ள சீமானுக்கோ பல வாக்கு! அந்த நிலையிலும், 1892 இடைத்தேர்தலில், வேலைநிறுத்தக் களத்திலிருந்து வந்த டாமி ரையனைப் பார்க்கூ வெற்றிபெறச் செய்தது. மறு ஆண்டே அவர் இடத்தில் ஜார்ஜ் கெர் அமர்ந்தார். கட்சித் தலைவராகவும் உயர்ந்து, பின்னர்க் கட்சி பிளந்தபோது கிட்ஸ்டன் பக்கம் போனார் அவர். தலைவரே போனாலும் தொகுதி போய்விடவில்லை. 1909இல் பார்க்கூ மற்றொரு ரையனைத் தந்தது. ஐரிஷ் குடியேறியின் மகன், பள்ளி ஆசிரியராயிருந்து வழக்கறிஞரான டி. ஜே. ரையன்.

1915இல் முதலமைச்சரானார் அவர். ஏழைக்கு விலை குறைந்த இறைச்சி கிடைக்க அரசே கடை திறந்தது. உலகப் போரின்போது, கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து அவர் பேசியதைத் தணிக்கையாளர் வெட்டினர். வெட்டிய பகுதிகளைச் சட்டமன்றத்திலேயே பேசி, அவைக் குறிப்பேட்டில் ஏற்றினார். பிரதமர் ஹியூஸ் என்ன செய்தார் தெரியுமா? 1917 நவம்பரில் பிரிஸ்பேன் அரசு அச்சகத்தில் படையினரை நுழைத்து, அச்சான குறிப்பேட்டையே பறித்தார்! அச்சுத்தாளைப் பறிக்கலாம், காதில் விழுந்த சொல்லைப் பறிப்பதெப்படி? டிசம்பர் வாக்கெடுப்பில், கட்டாயம் வேண்டாம் என்றே நாடு தீர்ப்பளித்தது. 1921இல், வேறொரு தொகுதியின் இடைத்தேர்தலுக்காக நோயோடு ஊர் ஊராய்ப் பேசச் சென்ற ரையன், அதே பார்க்கல்டினில்தான் உயிர் நீத்தார்.

புகழ்ந்துகொண்டே போவது எளிது. ஆனால் அந்த மரத்தடியில் எல்லோருக்கும் நிழல் இருந்ததா? சீனத் தொழிலாளரை விலக்கு என்பதும் அந்தச் சங்கத்தின் குரல்தான். அம்மண்ணின் ஆதிக்குடிகளுக்குக் குயின்ஸ்லாந்து வாக்குரிமை வழங்கியது 1965இல்தான். இடையே பல்லாண்டு ஆண்டது தொழிற்கட்சியே.

அடுத்த பிழை 1949இல் நிகழ்ந்தது. ஹான்லன் தலைமையிலான தொழிற்கட்சி அரசு மாநிலத்தை நான்கு வட்டாரங்களாக வகுத்தது. தலைநகரத் தொகுதியின் வாக்காளர் தொகையில் பாதிகூட இல்லாமல் மேற்கே ஒரு தொகுதி அமையலாம் என்றது. பரந்த நிலம், சிதறிய மக்கள் என்று காரணம் சொன்னார்கள். மேற்கு நம் கோட்டை என்பதே கணக்கு. பல வாக்குச் சீமானை எதிர்த்துப் பிறந்த கட்சி, ஒரு வாக்குக்கு இரு மடங்கு எடை போட்டது!

1957இல் கட்சி பிளந்தது, ஆட்சி போனது. வந்தவர்கள் வட்டார முறையைக் கைவிடுவார்களா? தங்களுக்கேற்பத் திருத்திக் கூர்தீட்டிக்கொண்டார்கள். 1972 தேர்தலில் தொழிற்கட்சி ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குப் பெற்றது; 82 இடங்களில் கிடைத்தவை 33. நாட்டுப்புறக் கட்சிக்கு 20 விழுக்காடு; இடங்களோ 26! கூட்டணி பலத்தில் அதன் தலைவர் பியெல்கே பீட்டர்சனே முதலமைச்சராக நீடித்தார். பார்க்கூ என்னும் பெயர் தொகுதிப் பட்டியலில் இல்லாமற்போனதும் அதே தேர்தலில்தான். அதன் நிலம் அண்டைத் தொகுதிகளில் கரைந்தது.

தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வர 1989 ஆயிற்று. 32 ஆண்டுகள்! மரத்தடியிலிருந்து 1915இல் பெரும்பான்மை ஆட்சியை அடைய அதற்கு வேண்டியிருந்தவை 24 ஆண்டுகளே.