விழாத முத்திரை



வெளிநாட்டுப் பயணம் நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிக் குடும்பங்களுக்கு இன்று புதுமையன்று. புறப்படுமுன் ஆசீர் பெற வருவோரிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு: "அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்ததும் அவ்விடத்திலேயே திறந்து பாருங்கள். முத்திரை குத்தும் நாடாயின், அது விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று கவனியுங்கள்." அத்தகைய நாட்டில் முத்திரை இல்லையேல், எந்நாளில் நுழைந்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில் விழக்கூடும். விமானச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வதும் அதற்காகவே.

சென்ற மாதம் பங்கு அலுவலகத்திற்கு வந்த ஒரு சகோதரியிடமோ முத்திரையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. புழல் முகாமில் வாழ்பவர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அவருடைய பெற்றோர் மன்னாரிலிருந்து படகேறி, இராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள். உயிரைக் கையிற்பிடித்து ஓடி வந்தவர்களுக்குக் கடல் நடுவே எவர் முத்திரை குத்துவார்? எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்திடம்தான் என்ன ஆவணம் இருந்தது?

ஆனால், அன்று விழாத முத்திரையின் துன்பம் தலைமுறை கடந்தும் தொடர்கிறது. 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டப்படி, உரிய பயண ஆவணமின்றி நுழைந்த அயல்நாட்டவர் சட்டவிரோதமாய்க் குடியேறியவர். அவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழியில்லை. தாயகம் திரும்பினாலும் நிம்மதி உறுதியில்லை. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு யாழ்ப்பாண விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், முன்னர் முறையின்றி நாட்டை விட்டுச் சென்றார் என்று கைது செய்யப்பட்டார். 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை ஆவணமின்மைக்கான தண்டனையினின்று விலக்கியது. நன்றிக்குரியதே, ஆயினும் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு.

அச்சகோதரி கேட்டது பெரிதன்று. 1986-இல் இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவர். பிறப்புச் சான்று கையில் இல்லை. அந்தப் பங்கிற்கு எழுதி, பதிவேட்டின் நகலைப் பெற்றுத் தர இயலுமா என்றார். 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அயல்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்களே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்கு இதே அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார்.

நகல் வந்து சேர்ந்தது. பெயரும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் ஒரே வரியில் இருந்தன. சகோதரி அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அது ஒன்றே போதுமென்று நான் சொல்லவில்லை. பிறப்புச் சான்றைத் தேடும் வழியில் அது முதற்படி.

குடும்பத்தாரே, உங்களுள் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள், சட்டம் படித்தவர்கள், அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர் உள்ளீர்கள். திங்களில் ஒரு மாலை அம்முகாமிற்கு வர இயலுமா? நமக்கு எளிதாய்க் கிடைத்த முத்திரையின் அருமை அங்கே விளங்கும்.