பேர்ல கருப்பு இருந்தா போதுமா?

சின்ன வெங்காயம் உரிக்கும்போது மேல் தோலுக்கு அடியில் மையைக் கொட்டி வச்ச மாதிரி ஒரு கருப்புத் தூள் இருக்குமே, விரல்ல ஒட்டிக்கிட்டு கழுவினாத்தான் போகும், அதைப் பத்திதான் இந்தப் பதிவு. நம்ம ஊர்ல "பூசணம் பூத்துருச்சு"ன்னு சொல்லி, தோலை ரெண்டு சுத்து அதிகமா உரிச்சுப் போட்டுட்டு வேலையைப் பார்ப்பாங்க. அறிவியல் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்.

இந்த அப்பாவிக்கு 2021 மே மாசம் கிரகம் சரியில்லாமப் போச்சு. கொரோனா ரெண்டாம் அலையோட 'கருப்புப் பூஞ்சை' நோயும் சேர்ந்து மிரட்டிக்கிட்டு இருந்த நேரம். வெங்காயத்துல இருக்கிற கருப்பும், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்ல இருக்கிற கருப்பும்தான் அந்த நோயைக் கொண்டு வருதுன்னு ஒரு வாட்ஸப் செய்தி நாடு முழுக்கச் சுத்துச்சு. வெங்காயத்துக்குன்னே தனியாப் பேட்டை வச்சிருக்கிற ஊரு திண்டுக்கல். அங்க இருக்கிற எங்க அத்தையே ரெண்டு கிலோ வெங்காயத்தைக் குப்பையில கொட்டிட்டாங்கன்னா பார்த்துக்கோங்க.

என் கோபம் அத்தை மேல இல்லை. பேர் வச்சவங்க மேலதான்.

அந்த நோயோட முறையான பேர் மியூகர்மைகோசிஸ். அதை உண்டாக்குற பூஞ்சைகள்ல முக்கியமானது ரைசோபஸ். பழைய ரொட்டியில வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்து, மேல சின்னச் சின்னப் புள்ளியா நிக்குமே, அந்த இனம். இது ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து அடைச்சிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கருத்துப் போகும். மூக்கிலும் மேல் அண்ணத்திலும் தெரியுற கருப்பு அந்தச் செத்த சதையோடது, பூஞ்சையோடது இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்க, ஸ்டீராய்டு அதிகமா எடுத்தவங்கதான் பெரும்பாலும் மாட்டினாங்க. அந்த ஜூலைக்குள்ள நாட்டுல 45,000க்கு மேல் நோயாளிகள், 4,000க்கு மேல் சாவு. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஆங்கிலப் பத்திரிகை 'பிளாக் ஃபங்கஸ்'னு வச்சது, நாம அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி 'கருப்புப் பூஞ்சை' ஆக்கிட்டோம். அப்புறம் ஜனங்க கருப்பா இருக்கிறதையெல்லாம் பார்த்துப் பயப்படாம என்ன செய்வாங்க? எங்க ஆபீஸ்ல ஒரு வேரியபிளுக்கு இப்படிப் பேர் வச்சா கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க :-)

லத்தீன் பேர்னா வாயில நுழையாத மந்திரம்னு நினைக்கிறோம். பிரிச்சுப் பார்த்தா, வச்ச ஆளு என்னத்தைப் பார்த்தாருன்னு தெரியும். அஸ்பெர்ஜில்லஸ்ங்கிற பேரை 1729-ல வச்சவர் பியர் அந்தோனியோ மிக்கேலி, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துத் தாவரவியலாளர், பாதிரியாரும் கூட. உருப்பெருக்கியில பார்த்தா ஒரு நீளக் காம்பு, நுனியில ஒரு குமிழ், அதைச் சுத்தி வரிசை வரிசையா வித்துக்கள். அவருக்கு உடனே கோவில் ஞாபகம் வந்திருக்கு. திண்டுக்கல்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புது வண்டி வாங்கி சர்ச்சுக்குக் கொண்டு போனா, சாமியார் கைப்பிடி வச்ச ஒரு குண்டாலே தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பார் இல்லையா? அந்தக் கருவிக்கு லத்தீன்ல அஸ்பெர்ஜில்லம். அவர் தண்ணியைத் தெளிக்கிறார், இது வித்தைத் தெளிக்குது. நைஜர்னா கருப்பு, 1867-ல வான் டீகெம் என்கிற பிரெஞ்சுக்காரர் வச்சது. ஆக, 'கருப்புத் தீர்த்தத் தெளிப்பான்'. இங்க கருப்பு நிஜமாவே வித்தோட நிறம். எவ்வளவு நேர்மையான பேர்!

(எல்லா லத்தீன் பேரும் யோக்கியம்னு சொல்ல வரலை. ரைசோபஸ்னா வேர்க்கால். மியூகர்மைகோசிஸை அதிகமா உண்டாக்குற இனத்தோட முழுப்பேர் ரைசோபஸ் அர்ரைசஸ். அதாவது வேரில்லாத வேர்க்கால். என்னத்தைச் சொல்ல. போதாக்குறைக்கு, டி.என்.ஏ. பார்த்ததுல வெங்காயத்துக் கருப்புல பலதும் நைஜரே இல்லை, கண்ணால பிரிக்க முடியாத அதன் பங்காளி வெல்விட்ஷியேன்னு சொல்றாங்க.)

நைஜருக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கலை. காதுக்குள்ள வளர்ந்து அரிப்பு கொடுக்கும். ஆஸ்துமாக்காரங்க அந்தத் தூளை மூக்குக்கிட்ட ஊதக்கூடாது. வெங்காயம் உள்வரைக்கும் கொழகொழன்னு அழுகியிருந்தா தூக்கித்தான் போடணும். மழையில நனைஞ்சு, சரியாக் காயாம பட்டறையில ஏத்தின வெங்காயம்னா சூட்டுலயும் ஈரத்துலயும் குஷியா வளரும். நஷ்டம் விவசாயிக்கு. ஆனா இதே நைஜருக்குச் சர்க்கரையைக் கொடுத்தா சிட்ரிக் அமிலம் தரும்னு 1917-ல ஜேம்ஸ் கரி கண்டுபிடிச்சார். இன்னைக்கு உலகத்துல விக்கிற சிட்ரிக் அமிலத்துல பெரும்பகுதி இப்படி வர்றதுதான். ஜாம் பாட்டில்ல, குளிர்பானத்துல 330னு ஒரு எண் இருக்கும், பாருங்க. வெங்காயத்தைக் கொட்டின கையோட அதைக் குடிக்கிறோம்.

நிஜமாப் பயப்பட வேண்டிய ஆள் இன்னொருத்தர். அதே தெளிப்பான் குடும்பம், அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். ஃப்ளேவஸ்னா மஞ்சள். நிலக்கடலையிலயும் மக்காச்சோளத்துலயும் மஞ்சளும் பச்சையுமா வரும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிகள் செத்ததுக்குக் காரணம் தீவனத்துல இருந்த கடலைப் புண்ணாக்கு. அப்ப கண்டுபிடிச்ச விஷத்துக்கு 'ஏ. ஃப்ளேவஸ் டாக்ஸின்'ங்கிறதைச் சுருக்கி அஃப்லடாக்ஸின்னு பேர் வச்சாங்க. 1974-ல குஜராத், ராஜஸ்தான் கிராமங்கள்ல பூசணம் பிடிச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல இறந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போனா கல்லீரல் புற்றுநோய். பார்க்கப் பயமா இல்லாததால இதுக்கு வாட்ஸப் செய்தி கிடையாது. ஒரு கடலை கசந்தா அடுத்த ரெண்டு கடலையை வாயில போட்டு ருசியை மாத்திக்கிறோம், அவ்வளவுதான். வறுத்தாலும் அவிச்சாலும் அந்த விஷம் முழுசாப் போகாது. சுருங்கினதும் நிறம் மாறினதும் பொறுக்கிப் போடணும், கசந்தா துப்பிடணும். இதை அத்தைக்குச் சொல்லிட்டேன். "வெங்காயத்தையும் விடமாட்டேங்கறே, கடலையையும் விடமாட்டேங்கறே"ன்னு திட்டு விழுந்தது.