முத்துப்பிள்ளை: ‘சுத்தம் செய்தாச்சு’ என்று இருந்துவிடாதீர்கள்

“மூன்று மாதத்திலேயே வயிறு இப்படித் தெரியுதே, இரட்டைப் பிள்ளைதான்!” என்று சொல்லி மகிழும் பாட்டிமார்கள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். இரட்டையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வயிற்றோடு அடங்காத வாந்தியும் இரத்தக்கசிவும் சேர்ந்தால், பெயர் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

முத்துப்பிள்ளை என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். கருப்பையில் குழந்தை வளராமல், நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு நீர் கோத்த முத்துகளாக, திராட்சைக் கொத்துப்போல் பெருகிவிடுகிறது. மேலை நாடுகளில் ஏறக்குறைய 1,000 கர்ப்பங்களில் ஒன்று இப்படி ஆகிறது. ஆசியாவில் கொஞ்சம் அதிகம். சிறுநீர்ச் சோதனை ‘கர்ப்பம்’ என்றுதான் காட்டும். ஸ்கேனில்தான் சந்தேகம் எழும்.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் தாயின் குரோமோசோம்களே இருப்பதில்லை, எல்லாம் தந்தையிடமிருந்து வந்தவை. மருமகள் சாப்பிட்ட அன்னாசியும் காரணமில்லை, பால்மரம் வெட்டப் போனதும் காரணமில்லை. (அதற்காக மகனைத் திட்டாதீர்கள். அவர் கையிலும் எதுவும் இல்லை.)

மருத்துவமனையில் அதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். சில நாளில் உடம்பு தேறிவிடும். என் கவலை அதற்குப் பிறகுதான். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் 100-க்கு 15 பேர் அளவில், மிஞ்சிய செல்கள் மறுபடி வளர்கின்றன. சிலருக்குப் புற்றுநோயாகி நுரையீரலுக்கும் பரவும். வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

1956-இல் அமெரிக்காவில் லி மின் சியூ என்ற சீன மருத்துவர், ராய் ஹெர்ட்ஸுடன் சேர்ந்து, இந்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்தார். கட்டி மறைந்தது. ஆனாலும் ஹார்மோன் அறவே இல்லாமல் போகும்வரை லி மருந்தை நிறுத்தவில்லை. இது அதிகப்படி என்று மேலிடம் அவரை வேலையை விட்டே அனுப்பியது. அவர் வழியில் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு நோய் திரும்பவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இன்று நேரத்தோடு கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லாருமே குணமாகிறார்கள்.

அதனால்தான் முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என இரத்தம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதம் வரை போகும். பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு, எனக்குப் புரிகிறது. பக்கத்துக் கிளினிக்கிலேயே இரத்தம் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. அவர் ‘சரி’ என்று சொல்லும்வரை அடுத்த கர்ப்பமும் வேண்டாம். புதுக் கர்ப்பத்திலும் அதே ஹார்மோன்தான் ஏறும், பிரித்தறிய முடியாது. அவசரம் வேண்டாம், அடுத்த முறை நல்ல பிள்ளை பிறக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

கணவர்களே, அட்டையில் எழுதிய தேதியை வீட்டு நாள்காட்டியிலும் குறித்துவையுங்கள். அன்றைக்கு மோட்டார் சைக்கிளை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.