நாலு தடவைதான் போறேன் கண்ணு!

இந்த வாரம் கொஞ்சம் 'உச்சா' மேட்டர் ஃப்ரெண்ட்ஸ். மூக்கைப் பொத்தாதீங்க, நர்சிங் மக்களுக்கு இதுவும் சிலபஸ்தான்!

நான் ஃபைனல் இயர் போஸ்டிங்ல இருந்தப்போ ரிவ்யூவுக்கு ஒரு பாட்டி வந்தாங்க. எழுபதைத் தாண்டினவங்க. ஓவர்ஆக்டிவ் பிளாடர். கல்யாண வீட்டுக்குப் போனா, முதல்ல பாத்ரூம் எங்கேன்னு தேடுவாங்களாம். ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம்.

"எப்படி இருக்கு பாட்டி?"

"முன்னாடி பதினஞ்சு தடவை. இப்ப நாலு தடவைதான் போறேன் கண்ணு!"

சந்தோஷமா 'நல்ல முன்னேற்றம்'னு சார்ட்ல எழுதிட்டேன். சீனியர் சிஸ்டர் அதைப் படிச்சுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?"

திரும்பிப் போய்க் கேட்டா... நாளைக்கு ரெண்டே டம்ளர்! நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது, ஆனா குடிச்சா ஓடணுமேன்னு பயம். மோஷன் போய் நாலு நாள். "அதைப்போய் எப்படிம்மா சொல்றது?" பாத்ரூம் போய்ட்டு வந்ததும் பிளாடர் ஸ்கேன் வெச்சா, உள்ளே இன்னும் 300 மி.லி. தேங்கி நிக்குது. நான் முன்னேற்றம்னு எழுதினது பாதி தாகம், பாதி தேக்கம்!

இந்த மாத்திரை, பையைச் சுருங்கச் சொல்ற அசிடைல்கோலின் சிக்னலைத் தடுக்குது. அதே சிக்னல்தான் எச்சில் சுரப்பி, குடல், கண், மூளைன்னு எல்லா இடத்திலும் வேலை பார்க்குது. அதனால வாய் வறளும், மலம் இறுகும், பார்வை மங்கும். வயசானவங்களுக்குக் குழப்பம், மறதிகூட வரலாம். 'வயசாச்சுல்ல'ன்னு வீட்டுல விட்டுடுவாங்க, நாமதான் விசாரிக்கணும். சளிக்கு, தூக்கத்துக்குன்னு தனியா மாத்திரை போடுறாங்களான்னும் கேளுங்க. அதுல சிலது இதே வேலையைச் செஞ்சு பாரத்தைக் கூட்டும்.

வாய் வார்த்தையை மட்டும் நம்பாம மூணு நாள் டைரி கேளுங்க. எப்போ குடிச்சாங்க, எவ்வளவு குடிச்சாங்க, எவ்வளவு போனாங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்தாங்க, கசிஞ்சுதா? கசிவைப் பத்தி நாம கேட்டாத்தான் சொல்வாங்க, அதுவும் மருமகள் பக்கத்துல இல்லாதப்போ.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். மலச்சிக்கல் சரியாகி, தேக்கமும் வடிஞ்ச பிறகு மிராபெக்ரான் எழுதினார். வேற ரூட்ல வேலை செய்ற மருந்து, வாய் வறட்சி குறைவு. ஆனா பி.பி. ஏறலாம், அதனால ஒவ்வொரு விசிட்லயும் கஃப் கட்டாம விடலை.

அடுத்த ரிவ்யூவுக்குப் பாட்டி பேரனோட கோடு போட்ட நோட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. ஏழு தடவை. பக்கத்துலயே டம்ளர் கணக்கு.