கட்டுமான விதிகள் எடுபிடி எழுத்தா? ஒரு மறுப்புரை

கணினியியல் கற்போரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. தொகுப்பி ஒன்றை ஆக்குவதில் அறிவுக்கு வேலை தருவன சொற்பகுப்பு, தொடரியற் பகுப்பு, குறிமுறைச் செம்மையாக்கம் ஆகியனவே என்றும், அத்தொகுப்பியை வெவ்வேறு கணினிகளுக்கெனக் கட்டியெழுப்பும் விதிகளை எழுதுவது எவரும் செய்யக்கூடிய எடுபிடி வேலை என்றும் அக்கருத்துக் கூறுகின்றது. பாடநூல்கள் பலவும் இதற்கு உடந்தையாகவே உள்ளன. இலக்கண வரைவில் தொடங்கி இயந்திர மொழி வரை விரிவாக விளக்கும் நூல்கள், கட்டுமானத்தை ஓரிரு பக்கங்களில் முடித்துவிடுகின்றன. அல்லது பேசாதே விட்டுவிடுகின்றன. இக்கருத்துத் தவறானது, அதனால் விளைந்த கேடும் சிறிதன்று. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசப்படும் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். தொகுப்பி தனித்துப் பயன்தருவதில்லை. அதன் வெளியீட்டை இயந்திரக் குறிமுறையாக்கும் ஒருங்குசேர்ப்பான், துண்டுகளை ஒன்றாக்கும் இணைப்பி, செய்நிரல்கள் நாடிநிற்கும் சி நூலகம் ஆகியன அதனுடன் சேரும்போதே கருவித்தொடர் உருவாகின்றது. இத்தொடர் பல தளங்களுக்கும் உரியதாக வேண்டுமாயின் மூன்று கணினிகளை வேறுபடுத்தி நோக்கல் வேண்டும். தொகுப்பி கட்டப்படும் கணினி ஒன்று. அது இயங்கப்போகும் கணினி மற்றொன்று. அது எந்தக் கணினிக்குக் குறிமுறை ஆக்கித்தருமோ அந்த இலக்குக் கணினி மூன்றாவது. லினக்ஸில் கட்டப்பட்டு, விண்டோஸில் இயங்கி, ஏ.ஆர்.எம். சில்லுக்குக் குறிமுறை தரும் தொகுப்பியில் இம்மூன்றும் வெவ்வேறாகின்றன. இதனைக் 'கனேடியக் குறுக்கு' என அழைப்பது துறையினர் வழக்கு. அப்பெயர் தோன்றிய காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தமையே காரணம் என்பர்.

இத்துடன் ஒரு சுழற்சிச் சிக்கலும் உண்டு. சி நூலகத்தை இலக்குக் கணினிக்கெனத் தொகுப்பதற்குத் தொகுப்பி வேண்டும். முழுமையான தொகுப்பியைக் கட்டுவதற்கோ அந்நூலகம் வேண்டும். எனவே முதலில் ஒருங்குசேர்ப்பானும் இணைப்பியும், அடுத்து நூலகத்தை நாடாத குறைத்தொகுப்பி, அதனைக்கொண்டு நூலகம், அந்நூலகத்தைக்கொண்டு நிறைதொகுப்பி என்ற ஒழுங்கு பின்பற்றப்படுகின்றது. எது எதனைச் சார்ந்தது, எது எதற்கு முற்பட்டது என ஆராய்ந்து முறைப்படுத்துவது தருக்கத்தின் பாற்பட்டது. இதனை எடுபிடி வேலை என்போர் ஒருமுறை தாமே செய்து பார்க்கட்டும்.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். எக்கோப்பு மாறியது, அதனால் எவற்றை மீண்டும் ஆக்கவேண்டும் என்னும் வினாவுக்கு அது விடை தந்தது. ஆனால் கணினிக்குக் கணினி உள்ள வேறுபாட்டை அது தானாக அறியாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு யுனிக்ஸை வைத்திருந்த அக்காலத்தில் அதுவே பெருந்தலைவலியாயிற்று. 1991இல் டேவிட் மக்கென்சி தொடக்கிய 'ஓட்டோகொன்ஃப்' இதற்கு ஒரு வழி கண்டது. கணினியிடமே கேட்பது என்பது அவ்வழி. சிறு சோதனைச் செய்நிரல் ஒன்றைத் தொகுத்துப் பார்ப்பது. தொகுபட்டால் அவ்வசதி உண்டு, தொகுபடாவிட்டால் இல்லை எனக் கொள்வது. அக்காலத் தேவைக்கு இது அரியதொரு தீர்வாகும். அதனை இகழ்தல் நன்றியுணர்வற்ற செயல்.

எனினும் அம்முறையின் அடித்தளத்தில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. கேட்கப்படும் கணினியும் செய்நிரல் இயங்கப்போகும் கணினியும் ஒன்றே என்பதே அது. குறுக்குத் தொகுப்பில் இந்த எடுகோள் தகர்ந்துவிடுகின்றது. இலக்குக் கணினிக்கென ஆக்கிய சோதனையைக் கட்டும் கணினியில் இயக்கிப் பார்க்க இயலாது. அந்நிலையில், விதி எழுதியவர் ஊகித்து வைத்த விடையே உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. 64 பிற் லினக்ஸில் சி மொழியின் 'லோங்' என்னும் எண்வகை 8 பைற்று. 64 பிற் விண்டோஸில் அதுவே 4 பைற்று. இத்தகைய ஒன்றில் ஊகம் பிழைத்தால், தொகுப்பு வேலை எவ்விதத் தடையுமின்றி முடிந்தும் பிறக்கும் செய்நிரல் பிழையுடையதாகலாம். அப்பிழை கட்டியவரின் மேசையில் தோன்றாது. எங்கோ அதனைப் பயன்படுத்துபவரின் மேசையிலேயே தோன்றும்.

'இக்கருவிகள் பல்லாண்டு பழகியவை. அவை உருவாக்கும் நீண்ட எழுத்தை எவர் வாசிப்பது? நம்பி இயக்கினாற் போதாதா?' எனக் கேட்போர் உளர். இவர்களுக்கு 2024ஆம் ஆண்டு விடை கூறிவிட்டது. அவ்வாண்டு மார்ச் 29ஆம் திகதி, எக்ஸ்.இசட். என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவாசல் மறைந்திருந்தமையை அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் உலகுக்கு அறிவித்தார். தொலைக் கணினியினுள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகச் சென்றமையே அவரைத் துருவ வைத்தது. தீய குறிமுறை சோதனைத் தரவுக் கோப்புகளினுள் உருமாறிக் கிடந்தது. அதனை வெளியே எடுத்துக் கட்டுமானத்தினுள் செலுத்தும் கட்டளையோ, கட்டுமான விதிக் கோப்பு ஒன்றில் இருந்தது. அவ்விதிக் கோப்பு பலரும் பார்வையிடும் மூலக் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. அதனை அமைத்தவர் ஏன் அவ்விடத்தைத் தெரிந்தார்? எவரும் வாசிக்கமாட்டார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நமது அலட்சியமே அவருக்கு மறைவிடமாயிற்று.

'குற்றம் பழைய கருவியினது. புதியதற்கு மாறினால் தீர்ந்தது' என்பது மற்றொரு வாதம். எல்.எல்.வி.எம். திட்டம் 2016இல் வெளிவந்த 3.9ஆம் பதிப்புடன் ஓட்டோகொன்ஃபைக் கைவிட்டுச் 'சீமேக்'கை மட்டுமே கொண்டமை உண்மையே. இலக்குக் கணினியின் இயல்புகளைத் தனிக்கோப்பு ஒன்றில் எழுதிவைக்க அக்கருவி இடமளிப்பதும் போற்றத்தக்கது. ஆயின் அதே எக்ஸ்.இசட். விவகாரத்தின் இன்னொரு கூறு இங்கு நோக்கற்பாலது. செய்நிரலின் அதிகாரங்களைக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் 'லாண்ட்லொக்' வசதி உண்டா எனச் சோதிக்கும் சீமேக் விதியினுள் ஒற்றைப் புள்ளி ஒன்று செருகப்பட்டிருந்தது. அப்புள்ளியால் சோதனைச் செய்நிரல் எக்கணினியிலும் தொகுபடாது. தொகுபடாதது இல்லாததாகவே கொள்ளப்படும். பாதுகாப்பு ஓசையின்றி நீங்கிவிடும். கருவி புதியது, ஊகிக்கும் முறையோ பழையது. 2015இல் வெளிவந்த கோ மொழியின் 1.5ஆம் பதிப்பில் இரண்டு மாறிகளைக் குறித்தாலே குறுக்குத் தொகுப்பு நிகழ்கின்றது என்று காட்டுவோரும் உண்டு. சி மொழிக் குறிமுறை கலக்கும் கணமே அந்த எளிமை மறைந்து, இலக்குக்குரிய சி தொகுப்பியைத் தேடவேண்டிய நிலை வந்துவிடுகின்றது.

ஆகவே நாம் வேண்டுவது கருவி மாற்றமன்று. ஊகத்தின் இடத்தில் கூற்றை வைப்பது. கருவித்தொடரின் கட்டுமானத்தில் இலக்குக் கணினி எது, அதன் எண்வகைகளின் அளவுகள் எவை, எவ்வசதிகள் இன்றியமையாதவை என்பன சிறியதொரு கோப்பில், மனிதர் வாசிக்கத்தக்க முறையில் எழுதப்படல் வேண்டும். சோதனை அக்கூற்றைச் சரிபார்ப்பதற்கு மட்டுமே பயன்படல் வேண்டும். கூற்றும் சோதனையும் முரண்பட்டால் கட்டுமானம் உரத்த குரலில் நின்றுவிட வேண்டும். லாண்ட்லொக் கட்டாயம் தேவை என எழுதப்பட்டிருப்பின் அந்த ஒற்றைப் புள்ளி அன்றே பிடிபட்டிருக்கும். இலக்குக்குரிய தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் தனி அடைவில் அடைக்கப்பட்டு, கட்டும் கணினியின் கோப்புகள் அதனுள் புகாதவாறு தடுக்கப்படல் வேண்டும். வெளியீட்டுப் பொதி மூலக் களஞ்சியத்திலிருந்து எவராலும் மீள ஆக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

'எல்லாவற்றையும் வாசித்து முடியுமா?' என்பர். முடியாது. வாசிக்க வேண்டியதைச் சுருக்கலாம் என்பதே நம் விடை. கென் தொம்சன் தமது டியூரிங் விருது உரையில், மூலக் குறிமுறையில் எத்தடயமும் இன்றித் தொகுப்பியே கள்ளவாசலைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தலாம் எனக் காட்டினார். அவ்வுரை 1984இல் அச்சாயிற்று. அதனைப் படித்தோர் பலர் கைவிரித்தனர். சிலர் வேலையில் இறங்கினர். ஜி.என்.யு. கீக்ஸ் திட்டத்தினர் 2023இல், 357 பைற்று அளவேயான இருமக் குறிமுறை ஒன்றை வித்தாக வைத்து, மூலக் குறிமுறையிலிருந்தே படிப்படியாகக் கருவித்தொடரைக் கட்டும் வழியை அமைத்துக்காட்டினர். அவர்கள் கையாண்டது புதிய மொழிக் கோட்பாடன்று. எது எதிலிருந்து எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதைப் பொறுமையுடன் எழுதிவைக்கும் அதே 'எடுபிடி' எழுத்துத்தான்.

விரிவுரையாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. தொகுப்பிப் பாடத்தில் மாணவர் எழுதும் இலக்கணப் பகுப்பிக்குப் புள்ளி வழங்குகிறீர்கள். அதனை வேறொரு கணினிக்கெனக் கட்டுவதற்கு அவர் எழுதிய விதிகளை வாசிப்பதுண்டா? வாசித்துப் புள்ளி வழங்குங்கள். மாணவரும் தாம் இயக்கும் கட்டுமானக் கோப்பு ஒன்றையேனும் முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வாசிக்கட்டும். வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற அச்சமே, அவ்விடத்தில் ஒளிய நினைப்பவனுக்கு முதற் காவல்.