சொட்டும் இடமும் கசியும் இடமும்

மார்கழி மாதத்தில் வாசல் கோலத்தைக் கெடுப்பவனுக்கு என்ன தண்டனை என்று சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, இல்லையோ, நானறியேன். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பாபத்தைச் செய்தது என் மோட்டார் சைக்கிள். ஆபீஸுக்குப் புறப்படும் அவசரத்தில் அதைக் கோலத்தின் ஓரமாக நிறுத்தியிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்த என் மனைவி, "இந்தக் கறுப்புப் புள்ளி நான் வைத்ததல்லவே!" என்றாள்.

வண்டி பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட். எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் எனப் புல்லட் அபிமானிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் விஷயம் வேடிக்கையானதல்ல. சொட்டுகிற எண்ணெய் பின்சக்கரத்து டயரில் படுமானால், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு வளைவே ஆளைச் சாய்த்துவிடப் போதுமானது. எஞ்சினில் எண்ணெய் மிகவும் குறைந்துபோனால், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பிஸ்டன் இறுகிக்கொள்ளும். ஓடுகிற சக்கரம் திடீரென்று நிற்கும். ஒரு சொட்டு என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை.

அன்று சாயங்காலமே நான் வைத்தியத்தில் இறங்கினேன். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே, இடப்புறத்தில், கிளச்சையும் முதல் சங்கிலியையும் மூடியிருக்கும் அலுமினிய மூடி பளபளத்தது. பழைய புல்லட்டில் அந்தப் பெரிய மூடி முழுவதையும் நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நட்டை என் பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். மறுநாள் ஒரு புள்ளிக்குப் பதில் ஐந்து புள்ளிகள் விழுந்திருந்தன! பக்கத்து ஊரான ஆவடியில், 1961-ல் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் யுத்த டாங்கிகளையே செய்திருக்கிறார்கள். இங்கே என்னால் ஒரு நட்டை ஒழுங்காக முடுக்க முடியவில்லை.

திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "ஏனடா, ஓட்டு வீடு ஒழுகினால் சொட்டுகிற இடத்திலா ஓடு உடைந்திருக்கும்? பாத்திரம் வைக்கிற இடம் ஒன்று, ஓடு மாற்றுகிற இடம் வேறு" என்றார். எந்திர சாஸ்திரத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன்படியே செய்தேன். முதலில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதன் வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டேன். பிறகு சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் முகத்துக்குப் பூசும் பவுடரை லேசாகத் தூவினேன். (இதற்கு மனைவியின் சம்மதம் முன்கூட்டியே அவசியம்.) மெதுவாக ஆவடி வரையில் போய்த் திரும்பி வந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பவுடர் எந்த இடத்தில் ஈரமாகிக் கறுத்திருக்கிறதோ அதுதான் தடயம். வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளுகிறது. பூமி கீழே இழுக்கிறது. ஆகையால், கசிவின் பிறப்பிடம் அநேகமாக ஈரத்தின் மேற்புறத்திலும் முன்புறத்திலுமே இருக்கும்.

கறுப்புத் தடயம் அந்த மூடியின் மேல் விளிம்பில் தொடங்கியிருந்தது. தட்டு ஒன்றைக் கீழே வைத்து, கால் வைக்கும் கம்பியையும் பிரேக் மிதியையும் கழற்றி, மூடியைத் திறந்தேன். விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வயதாகிக் கல்லாய் இறுகியிருந்தது. கண்ணாடிப் பலகையின்மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தபோது அது லேசாக ஆடிற்று. அந்தக் கோணல் என் பலத்தின் பிரதாபம்! நடுவில் அழுத்த அழுத்த ஓரம் தூக்கிக்கொள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது. பேட்டையிலுள்ள ஒரு பட்டறையில் விளிம்பைச் சமன் செய்து வாங்கினேன். பள்ளத்தைத் துணியால் சுத்தம் செய்து, புது ரப்பர் வளையத்தை முறுக்கில்லாமல் பதித்து, நட்டை மூடி அசையாதிருக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கினேன். கடைசியாக எண்ணெயை அளவு பார்த்து ஊற்றினேன். அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்தே. எஞ்சினில் எண்ணெய் அதிகமானால் மூச்சுக்குழாய் வழியாக வெளியே கக்கும்; நாம் அதையும் கசிவென்று எண்ணி ஊரெல்லாம் நட்டு முடுக்கிக்கொண்டிருப்போம்.

இந்த வண்டியின் சரித்திரத்தையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ்ட் மாதிரியான சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அதே வருஷத்தில்தான், இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் இங்கிலாந்தில் அந்தத் தொழில் அற்றுப்போன பிறகும் புல்லட் நம் ஊரில் பிழைத்திருந்தது. 1977-ல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. இத்தனை காலம் அதைப் பிழைக்க வைத்ததில் தொழிற்சாலைக்கு எத்தனை பங்கோ, மரத்தடியில் உட்கார்ந்து பழுது பார்த்த கைகளுக்கும் அத்தனை பங்கு உண்டு.

ஆனால், வீட்டுக் கைக்கு ஓர் எல்லையும் உண்டு. மூடி, ரப்பர், வடிகால் திருகின் வளையம் ஆகியவை வரையில் நம் ராஜ்யம். எஞ்சினைப் பிளந்துதான் ஆகவேண்டுமென்றால், கூச்சப்படாமல் மெக்கானிக்கிடம் போவதே புத்திசாலித்தனம்.

இன்னும் ஒன்று. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். மழைநீரோடு அது ஏரியைத் தேடிப் போகும். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் ஏற்கெனவே பட்டிருக்கும் துன்பம் போதும். அதை டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிப்பவர்களிடம் சேரும்படி பட்டறையில் ஒப்படைப்பதே முறை. வாசலில் விழுந்த ஒரு சொட்டுக்கு அத்தனை கோபம் வந்ததே! ஊர் வாசலில் ஒரு டப்பாவைக் கொட்டலாமா?

மறுநாள் வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து வைத்தேன். விடிந்தபோது காகிதம் வெள்ளையாகவே இருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள், கோலத்தையும் பார்த்தாள். "இருந்தாலும் வண்டியைத் தெருவோரமாகவே நிறுத்துங்கள்" என்றாள்.